செர்ட் த்ரீ எடுத்தால் போதுமா? ஆஸ்திரேலியாவில் சப்போர்ட் வொர்க்கர் சான்றுகள்: எதற்கு எவ்வளவு மதிப்பு

மெல்பர்னிலும் சிட்னியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சப்போர்ட் வொர்க்கர் வேலைக்குப் போகிற தமிழர்கள் இன்று நிறையப் பேர். வேலை தேடத் தொடங்கியதுமே கேட்கப்படும் காகிதங்கள் ஒன்றிரண்டு இல்லை. ஸ்கிரீனிங் செக் என்கிற பின்னணிச் சோதனை, ஓரியன்டேஷன் மாட்யூல் என்கிற அறிமுகப் பாடம், முதலுதவி, இதயம் நின்றால் மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆர், செர்ட் த்ரீ என்கிற மூன்றாம் நிலைத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ், சில இடங்களில் குழந்தைகளோடு பணிபுரிவதற்கான அனுமதி. எது சட்டப்படி கட்டாயம், எது நிறுவனத்தின் விருப்பம், எதற்குக் கொடுக்கிற காசு வீண் என்பதை யாரும் ஒரே இடத்தில் சொல்வதில்லை. அந்தச் சான்றுகளைப் பயன்படுத்துபவரின் கண்ணோட்டத்தில் இங்கே எடைபோடுகிறோம்.

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம்: என்டிஐஎஸ் என்கிற தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம் 2013இல் சட்டமானது. ஆனால் அதில் சப்போர்ட் வொர்க்கராக வேலை செய்ய எந்தப் படிப்பும் பொதுவான சட்டக் கட்டாயம் கிடையாது. பதிவு பெற்ற நிறுவனத்தில் ஆபத்து வாய்ப்புள்ள பொறுப்பு என்று வகைப்படுத்தப்பட்ட வேலைக்கு ஸ்கிரீனிங் செக் கட்டாயம். நடத்தை விதிகள் எல்லோரையும் கட்டுப்படுத்தும். செர்ட் த்ரீயை நிறுவனங்கள் கேட்பது தங்கள் பாதுகாப்புக்காகவும் தணிக்கையில் காட்டுவதற்காகவும்தான். ஆகவே இந்தச் சான்றுகளில் பணமும் நேரமும் போட வேண்டிய இடம் எது என்றால், நீங்கள் கையால் செய்து காட்டி, விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பகுதி. மற்றவை வாசல் திறக்கும் சாவிகள். அவற்றைச் சீக்கிரம், சிக்கனமாக முடித்துக்கொள்ளலாம்.

ஸ்கிரீனிங் செக் 2021 பிப்ரவரி 1 முதல் நாடு தழுவிய முறையாக நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டு செல்லும். ஒரு மாநிலத்தில் வாங்கினால் மற்ற மாநிலங்களிலும் செல்லும். கட்டணத்தை மாநிலங்களே நிர்ணயிக்கின்றன. பெரும்பாலான இடங்களில் 100 முதல் 150 டாலருக்குள் வரும். இதைக் காவல்துறைச் சான்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காவல்துறைச் சான்று வாங்கிய நாளின் நிலையைத்தான் காட்டும். ஸ்கிரீனிங் செக்கில் அனுமதி வந்த பிறகும் குற்றப் பதிவுகள் தொடர்ந்து கவனிக்கப்படும், இடையில் ஏதாவது நடந்தால் அனுமதி நிறுத்தப்படும் அல்லது ரத்தாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே இது நல்ல ஏற்பாடு என்று தயங்காமல் சொல்லலாம்.

சிக்கல் விண்ணப்பத்தில்தான். முதலாவது, நிறுவனத்தின் ஒப்புதல். விண்ணப்பிக்கும்போது வேலை கொடுப்பவரின் அடையாள எண்ணைக் குறிப்பிட வேண்டும், அவர்கள் தங்கள் பக்கத்தில் 'ஆம், இவர் எங்களிடம் வேலைக்கு வருகிறார்' என்று உறுதி செய்ய வேண்டும். அது நடக்காவிட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். பணம் கட்டியாயிற்று, ஏன் பதில் வரவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருப்பவர்களில் பலருக்கு உண்மையான தடை இதுதான். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு போன் போட்டாலே தீரும். வேலை மாறும்போதும் இதே கதை. அனுமதி எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது, புதிய நிறுவனம் தேசியத் தரவுத்தளத்தில் உங்களைத் தன்னோடு இணைக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் நிலையில் மாற்றம் வந்தால் அவர்களுக்குத் தகவல் போகும்.

இரண்டாவது சிக்கல் நம்மவர்களுக்கே உரியது: பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், மெடிகேர் அட்டையில் அப்பா பெயர் முன்னால் வரும், ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும், வங்கி அட்டையில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள்தான் என்று புரியும். ஆனால் இணைய வழி ஆவணச் சரிபார்ப்பு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஓரிடத்தில் ஒரு எழுத்து கூடினாலும் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஒத்துப்போகாததை முதலில் திருத்துங்கள். மெடிகேர் அட்டையில் பெயர் மாற்றுவது பாஸ்போர்ட்டில் மாற்றுவதைவிட எளிது. திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் இல்லையென்றால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு. பின்னால் கல்லூரியில் சேரும்போதும் இதே பெயரைக் கொடுங்கள். இல்லாவிட்டால் சான்றிதழில் ஒரு பெயர், அனுமதியில் இன்னொரு பெயர் என்று அடுத்த சிக்கல் தொடங்கும்.

அனுமதி வருவதற்கு முன் வேலையைத் தொடங்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குயின்ஸ்லாந்தில் முடியவே முடியாது.

ஓரியன்டேஷன் மாட்யூல் இலவசம், இணையத்தில், நான்கு பகுதி, ஒன்றரை மணி நேரத்தில் முடியும். இதற்குக் காசு கேட்கிற இடைத்தரகர்களிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம். உரிமைகள், கண்ணியம், சம்பவம் நடந்தால் யாரிடம் சொல்வது என்ற அடிப்படைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. இதை நடத்தும் என்டிஐஎஸ் தரம், பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில், தகவல் தொடர்புக்கு உதவுவது பற்றியும் பாதுகாப்பாகச் சாப்பிட உதவுவது பற்றியும் தனித்தனி மாட்யூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் கேட்காததால் பலர் அவற்றைத் தொடுவதில்லை. நேர்காணலுக்கு முன் இந்த இரண்டையும் முடித்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

முதலுதவி எச்எல்டிஏஐடி011, சிபிஆர் எச்எல்டிஏஐடி009. முதலுதவியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் சிபிஆரை ஆண்டுதோறும் புதுப்பிக்க நிறுவனங்கள் கேட்கும். தரையில் கிடத்திய பெரியவர் பொம்மையில் இடைவிடாமல் இரண்டு நிமிடம் அழுத்திக் காட்ட வேண்டும். முழங்காலில் பிரச்சினை இருப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மேசை மேல் பொம்மையை வைத்துச் செய்தால் கணக்கில் சேராது. முழுக்க இணையத்திலேயே முதலுதவிச் சான்று தருகிறோம் என்பவர்களை ஒதுக்கிவிடுங்கள்.

இனி செர்ட் த்ரீ. பெரிய செலவும் பெரிய ஏமாற்றும் இங்கேதான்.

இப்போது நடப்பில் உள்ள குறியீடு சிஎச்சி33021, சர்ட்டிஃபிகேட் த்ரீ இன் இன்டிவிஜுவல் சப்போர்ட். முந்தைய சிஎச்சி33015ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அது போதும். மொத்தம் 15 பாடங்கள். ஒன்பது கட்டாயம், ஆறு விருப்பம். இந்த ஆறில் மாற்றுத்திறன் சிறப்புப் பிரிவுக்கான பாடங்கள் இருந்தால்தான் சான்றிதழில் அந்தச் சிறப்புப் பிரிவு அச்சாகும். முதியோர் பிரிவு மட்டும் எடுத்துவிட்டு மாற்றுத்திறனாளி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. சேரும்போதே இரண்டு பிரிவும் சேர்த்துக் கிடைக்குமா என்று கேளுங்கள், பல கல்லூரிகள் தருகின்றன. விருப்பப் பாடத்தில் மருந்து கொடுக்க உதவும் பாடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீடுகளில், மருந்தகம் வேளைவாரியாகப் பிரித்துத் தரும் வெப்ஸ்டர் பேக்கிலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய ஷிஃப்ட்டுகளுக்கு நிறுவனங்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

பாடங்களோடு 120 மணி நேர பிளேஸ்மென்ட், அதாவது பணியிடப் பயிற்சி. ஏழரை மணி ஷிஃப்ட்டாகப் போட்டால் 16 ஷிஃப்ட். படிப்பின் உயிர் இந்த 120 மணி நேரம்தான், ஒரு கல்லூரியை மதிப்பிடுவதற்கும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. சேருவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பிளேஸ்மென்டை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? எந்த வகை இடத்தில்? மதிப்பீட்டாளர் அங்கே நேரில் வந்து பார்ப்பாரா?

முதல் கேள்விக்கு 'மாணவரே தேடிக்கொள்ள வேண்டும்' என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரியின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். மாற்றுத்திறனாளிகள் வாழ்வது அவர்களுடைய சொந்த வீட்டில். அங்கே ஒரு மாணவர் வந்து நிற்க அவர்களின் சம்மதம் வேண்டும். அதனால் நிறுவனங்கள் தங்களோடு ஒப்பந்தம் உள்ள கல்லூரிகளின் மாணவர்களைத்தான் எடுக்கின்றன. வெளியிலிருந்து தனியாகக் கதவைத் தட்டுகிறவர் மாதக்கணக்கில் அலைவார், பாடமெல்லாம் முடித்தும் சான்றிதழ் வராது. இரண்டாவது கேள்வியும் முக்கியம். பகல்நேர மையத்தில் பிளேஸ்மென்ட் என்றால் வெளியே அழைத்துப் போவது, சமூகத்தில் பங்கேற்க உதவுவது எல்லாம் கற்கலாம். ஆனால் குளிக்க உதவுவது, ஆளைத் தூக்கி இடம் மாற்றும் கருவியான ஹோய்ஸ்ட் பயன்படுத்துவது அங்கே அரிதாகத்தான் கிடைக்கும். முதியோர் இல்லத்தில் என்றால் அதற்கு நேர்மாறு. இரண்டும் கலந்து கிடைத்தால் சிறப்பு.

காலத்தைப் பொறுத்தவரை, செர்ட் த்ரீ மட்டத்துக்கு ஆஸ்திரேலியத் தகுதிக் கட்டமைப்பு சொல்லும் பொதுவான அளவு ஒன்று முதல் இரண்டு ஆண்டு. நடைமுறையில் ஒழுங்கான கல்லூரிகள் ஆறு மாதத்தை ஒட்டி முடிக்கின்றன. ஆறு வாரம் என்று விளம்பரம் வந்தால் 120 மணி நேர பிளேஸ்மென்ட் எங்கே போயிற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னும் மோசமானது 'முன் அனுபவத்தை வைத்து மூன்று நாளில் சான்றிதழ்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது. முன் அனுபவத்தை அங்கீகரிப்பது என்பது உண்மையான, நல்ல வழி. இலங்கையிலோ இந்தியாவிலோ செவிலியராக, பராமரிப்பாளராக வேலை செய்தவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்கு முன்னாள் மேலாளரின் கடிதம், வேலை விவரம், மூன்றாம் நபர் அறிக்கை, ஒவ்வொரு பாடத்துக்கும் நேர்காணல், செய்முறைக் காட்டல் எல்லாம் வேண்டும். எதையும் கேட்காமல் சான்றிதழ் தருகிறவர் உங்களுக்கு ஆபத்தைத்தான் விற்கிறார். 2024 நவம்பரிலிருந்து, பயிற்சிக் கல்லூரிகளைக் கண்காணிக்கும் அஸ்குவா அமைப்பு, பதிவு நீக்கப்பட்ட சில கல்லூரிகள் கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்து செய்தது. பராமரிப்பு, மாற்றுத்திறன் ஆதரவு, குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ்கள் அதில் நிறைய. பணம் கட்டியவர்களுக்கு வேலையும் போயிற்று. அவர்களில் நேர்மையாக உட்கார்ந்து படித்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை.

ஆகவே சேரும் முன் பத்து நிமிடம் செலவிடுங்கள். ட்ரெய்னிங் டாட் கவ் டாட் ஏயூ தளத்தில் கல்லூரியின் பதிவு எண்ணைப் போட்டால் அதன் பதிவு நடப்பில் இருக்கிறதா, சிஎச்சி33021 நடத்த அனுமதி உண்டா என்று தெரியும். சில இடங்களில் விளம்பரம் செய்பவர் ஒருவர், சான்றிதழ் தருபவர் வேறொருவர். அப்படியானால் சான்றிதழில் யார் பெயர் வரும் என்று கேட்டு, அந்தப் பெயரைத் தேடுங்கள். படித்து முடித்த பிறகு யுஎஸ்ஐ எனப்படும் உங்கள் மாணவர் அடையாள எண் கணக்கில் நுழைந்து பயிற்சிப் பதிவைப் பாருங்கள். உடனே ஏறாது, கல்லூரி அறிக்கை அனுப்பச் சில மாதங்கள் ஆகலாம். அடுத்த ஆண்டும் ஏறவில்லை என்றால் விசாரிக்க வேண்டிய நேரம். வேலை கொடுக்கும் நிறுவனங்கள் காகிதச் சான்றிதழைவிட இந்தப் பதிவை நம்புகின்றன.

கட்டணத்தைப் பொறுத்தவரை, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்கள் முதலில் அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரியான டேஃபைப் பாருங்கள். 2023 ஜனவரியில் தொடங்கிய கட்டணமில்லா டேஃப் இடங்களில் பராமரிப்புத் துறை முக்கியமான ஒன்று. இடங்கள் சீக்கிரம் நிரம்பும், வகுப்புக்கு நேரில் போக வேண்டியிருக்கும். ஆனால் செய்முறை அறையில் கட்டில், ஹோய்ஸ்ட், சக்கர நாற்காலி எல்லாம் இருக்கும். அறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஹோய்ஸ்ட் ஒன்று மூலையில் தூசியோடு நின்றால் அதுவே பதில்.

ஹோய்ஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி பெற்றவருக்கும் சான்றிதழ் மட்டும் பெற்றவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆளைத் தாங்கும் துணியான ஸ்லிங் அந்த நபரின் அளவுக்கானதா, லேபிள் படிக்க முடிகிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லேபிள் அழிந்த ஸ்லிங்கை எடுத்துவிட வேண்டும், தூக்கும் எடை வரம்பு அதில்தான் இருக்கிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நிற வளையத்தில் மாட்ட வேண்டும். அடிக்கால்களை அகலமாக விரிக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, தூக்கும்போது ஹோய்ஸ்ட்டின் சக்கரங்களைப் பூட்டி வைப்பது. பெரும்பாலான நடமாடும் ஹோய்ஸ்ட்டுகளில் சக்கரம் திறந்திருக்க வேண்டும். எடை ஏறும்போது கருவி தானே நகர்ந்து எடையின் நடுவுக்கு வந்து நிற்கும். பூட்டினால் கவிழும் அபாயம். சில சென்டிமீட்டர் தூக்கியதும் நிறுத்தி, எல்லா வளையங்களையும் மறுபடி பார்த்து, அந்த நபரிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே தொடர வேண்டும். இதை வீடியோவில் பார்த்துப் பல விடைக் கேள்விக்குப் பதில் போட்டவருக்கும், சக மாணவரை ஸ்லிங்கில் வைத்துத் தூக்கி, தானும் ஒருமுறை அதில் தொங்கிப் பார்த்தவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

சாப்பாடு ஊட்டுவதும் அப்படியே. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கான உணவு, பானங்களின் பதத்தை வகைப்படுத்தும் ஐடிடிஎஸ்ஐ அளவுகோலை ஆஸ்திரேலியா 2019 மே மாதம் முதல் பின்பற்றுகிறது. 0 முதல் 7 வரை நிலைகள். பேச்சு, விழுங்கல் சிகிச்சை நிபுணரான ஸ்பீச் பெத்தாலஜிஸ்ட் எழுதிக் கொடுக்கும் திட்டத்தில் 'பானம் நிலை 2' என்று இருந்தால், கண்ணால் பார்த்துக் கெட்டியாக்கக் கூடாது. குறிப்பிட்ட அளவுள்ள 10 மில்லி ஊசிக்குழாயில் பானத்தை நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8க்கு மேல் என்றால் நிலை 3. பவுடர் கலந்த உடனே ஒரு கெட்டி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு கெட்டி. ஆகவே டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து சோதிக்க வேண்டும். உணவில் நிலை 5 என்றால் பெரியவர்களுக்குக் கட்டிகள் 4 மில்லிமீட்டருக்குள், நிலை 6 என்றால் 15 மில்லிமீட்டருக்குள். தமிழ் வீடுகளில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது சோறு. பருக்கை பருக்கையாக உதிரவும் கூடாது, பசைபோல ஒட்டவும் கூடாது. குழம்போ தயிரோ சேர்ந்து ஈரமாகப் பிடித்து நிற்க வேண்டும். தண்ணீர் தனியே, பருக்கை தனியே நிற்கும் கஞ்சி, மென்மையாகத் தோன்றினாலும் இரண்டு நிலைகள் கலந்த உணவு. புரையேற வாய்ப்பு அதிகம். இந்தப் பகுதியைச் சரியாகச் சொல்லித்தரும் செர்ட் த்ரீ வகுப்புகள் குறைவு, அது இந்தப் படிப்பின் பெரிய குறை.

வயிற்றில் பொருத்திய பெக் டியூப் வழியாக உணவு, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடும் டிரக்கியாஸ்டமி, வென்டிலேட்டர், சிறுநீர்க் குழாய், கடுமையான வலிப்பு போன்றவை 'உயர் தீவிர' ஆதரவுகள். இவற்றுக்குப் பொதுவான சான்றிதழ் எதுவும் போதாது. தகுதியுள்ள மருத்துவப் பணியாளர், பெரும்பாலும் ஒரு செவிலியர், குறிப்பிட்ட அந்த நபரின் திட்டத்தை வைத்துப் பயிற்சி கொடுத்து, நீங்கள் செய்வதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆண்டுதோறும் மறுமதிப்பீடு வேண்டும். ஒருவருக்கு பெக் ஃபீட் கொடுக்கக் கையெழுத்து வாங்கியவர் இன்னொருவருக்கு அப்படியே கொடுக்க முடியாது. குழாயின் வகை, தலை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் எத்தனை மில்லி தண்ணீர், குழாய் வெளியே வந்துவிட்டால் யாரை உடனே அழைப்பது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். 'செர்ட் த்ரீ இருக்கிறதே, நாளைக்கு இந்த வீட்டுக்குப் போங்கள்' என்று ரோஸ்டர் போடுபவர் சொன்னால், கையெழுத்தான மதிப்பீட்டுப் படிவம் கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஷிஃப்ட்டை மறுப்பது சரியான முடிவு. நடத்தை விதிகளே திறமையோடும் கவனத்தோடும் சேவை தரச் சொல்கின்றன.

செர்ட் ஃபோர், அதாவது சிஎச்சி43121, பத்துப் பாடங்கள். மாற்றுத்திறன் பிரிவோடு செர்ட் த்ரீயோ அதற்கு இணையானதோ இருந்தால்தான் சேரலாம். டீம் லீடர் ஆக வேண்டும், நடத்தை ஆதரவுத் திட்டங்களோடு வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்குப் பயன். களத்தில் ஓராண்டாவது நின்ற பிறகு எடுத்தால் பாடம் புரியும். செர்ட் த்ரீ முடித்த கையோடு இரட்டைச் சலுகை என்று விற்பதை வாங்க வேண்டாம்.

இந்த முழு அமைப்பின் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஸ்கிரீனிங் அனுமதி உங்களோடு வரும், செர்ட் த்ரீ உங்களோடு வரும், ஆனால் உண்மையான திறமைக்குச் சாட்சியான அந்தச் செவிலியர் கையெழுத்துகள் பழைய நிறுவனத்தின் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. விக்டோரியா 2021 ஜூலையில் தன்னளவில் விருப்பப் பதிவு முறை ஒன்றைத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை, புறக்கணிப்பு பற்றி விசாரித்த ராயல் கமிஷன், 2023 செப்டம்பரில் வெளியான இறுதி அறிக்கையில், தகுதியையும் அனுபவத்தையும் அங்கீகரிக்கும் தேசியப் பதிவு முறை 2028 ஜூலைக்குள் வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வேலையோடு கூடவே நகரும் பயிற்சி உரிமையையும் அது பேசியது. மிக அவசியமான பரிந்துரை.

இப்போதைக்கு அந்தப் பதிவேட்டை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் படிவத்தின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். பயிற்சி கொடுத்தவரின் தொழில்முறைத் தகுதி, தேதி, எந்தக் கருவி, எத்தனை முறை மேற்பார்வையில் செய்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். ஆதரவு பெறுபவரின் பெயரும் விவரமும் உங்கள் நகலில் இருக்கக் கூடாது, அந்த இடத்தை மறைத்துத் தரச் சொல்லுங்கள். சிபிஆர், முதலுதவி, ஸ்கிரீனிங், மறுமதிப்பீடு நான்கின் கெடு தேதிகளையும் போன் நாள்காட்டியில் இரண்டு மாதம் முன்கூட்டியே எச்சரிக்கும்படி போட்டு வையுங்கள். ஸ்கிரீனிங் அனுமதி காலாவதியான நாளே பதிவு பெற்ற நிறுவனம் உங்களை ரோஸ்டரிலிருந்து எடுத்துவிடும். புதிய அனுமதி வரும்வரை அந்த வீட்டில் உங்களை எதிர்பார்த்திருப்பவருக்கும் வேறு ஆள்தான் வருவார்.